நின்ற இடத்தில் முப்பது கிலோமீட்டர்

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி)

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு மிதிவண்டி நிற்கிறது. அதற்குப் பின்சக்கரம் கிடையாது. ஓர் அங்குலம்கூட நகராது. ஆயினும் என் அக்கா நாள்தோறும் மாலையில் அதன்மேல் ஏறி, முப்பது கிலோமீட்டர் சென்றதாகச் சொல்லி, வியர்வையில் நனைந்து இறங்குகிறாள். ‘இதென்ன வேடிக்கை’ என்று வியக்கும் தோழியருக்காகவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

அக்கா கல்லூரி மாணவி. பல்கலைக்கழக அளவில் மிதிவண்டிப் பந்தயங்களில் கலந்துகொள்பவள். ஒரு நாள் விடியற்காலை புறவழிச் சாலையில் லாரி ஒன்று அவளை ஒட்டி உரசினாற்போல் சென்றது. அக்கா நிலைதடுமாறி விழுந்தாள். காறை எலும்பு முறிந்தது. ஆறு வாரம் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு வீட்டில் இருந்தாள். எலும்பு கூடியது, ஆனால் அம்மாவின் மனம் கூடவில்லை. “இனி நீ சைக்கிளோடு ரோட்டுப் பக்கம் போனால் நான் சாப்பிட மாட்டேன்” என்று சொல்லிவிட்டார்கள். அக்கா வாதாடவில்லை. சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தாள். அதுதான் எங்களுக்கு அதிக அச்சத்தைத் தந்தது.

அப்போதுதான் கோயம்புத்தூர் மாமா வந்தார். 2020ஆம் ஆண்டு ஊரடங்கின்போது அவர் ஒரு ‘ஸ்மார்ட் ட்ரெய்னர்’ வாங்கியிருந்தார். இரண்டு மாதம் மிதித்தாராம். பிறகு அது அவர் வீட்டில் துண்டு காயப்போடப் பயன்பட்டது என்பதை அத்தை எங்களிடம் இரகசியமாகச் சொன்னார். அந்தக் கருவி எங்கள் வீட்டுக்கு இடம் மாறியது.

அதன் அமைப்பைச் சற்றுக் காண்போம். மிதிவண்டியின் பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் கருவியைப் பொருத்திச் செயினை அதன் பல்சக்கரத்தில் மாட்ட வேண்டும். மிதித்தால் கருவிக்குள் ஒரு கனத்த உலோகச் சக்கரம் சுழலும். அதன் அருகே மின்காந்தங்கள் உள்ளன. காந்தப் புலத்தில் உலோகம் சுழலும்போது அதனுள்ளே சுழல் மின்னோட்டங்கள் தோன்றி, தம்மை உண்டாக்கிய அச்சுழற்சியையே எதிர்க்கின்றன. இதற்கு லென்ஸ் விதி என்று பெயர். மேல்வகுப்புப் பாடமாதலால் அக்காவிடம் மூன்று முறை கேட்டே புரிந்துகொண்டேன். எதுவும் எதையும் தொடுவதில்லை. பிரேக் கட்டை தேய்வது போன்ற தேய்மானமும் இல்லை. மின்காந்தத்தில் பாயும் மின்சாரத்தைக் கூட்டினால் மிதி கனக்கும், குறைத்தால் இலகுவாகும். ஒரு நாள் மாலை நடுவில் கரண்ட் போய்விட்டது. மலை ஏறிக்கொண்டிருந்த அக்காவின் கால்கள் திடீரென்று காற்றில் மிதிப்பதுபோல் சுழன்றன. பாடத்தை எனக்கு உண்மையில் விளக்கியது அந்த மின்தடைதான்!

‘ஸ்மார்ட்’ என்ற பெயர் ஏன்? கருவி புளூடூத் வழியாகக் கணினியுடனோ கைப்பேசியுடனோ பேசுகிறது. ‘ஸ்விஃப்ட்’ (இது கார் அன்று, 2014இல் தோன்றிய ஒரு செயலி) போன்றவற்றில் திரையில் ஒரு சாலை விரியும். திரையில் மேடு வந்தால் மிதி கனக்கும். எவ்வளவு கனக்க வேண்டும் என்பதைக் கணினி கணக்கிடுகிறது. வண்டியும் ஆளும் சேர்ந்து 70 கிலோகிராம் என்று கொள்வோம். நூறு மீட்டருக்கு ஐந்து மீட்டர் உயரும் சாலையில் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஏறினால், புவியீர்ப்பை வெல்வதற்கு மட்டும் ஏறக்குறைய 95 வாட் திறன் தேவை. இக்கணக்குக்கு நம் எடை வேண்டும். முதல் நாளில் நான் என்ன செய்தேன் தெரியுமா? 46 கிலோ எடையுள்ள நான், 35 என்று பதிந்தேன். மேட்டில் எல்லாரையும் முந்திக்கொண்டு பறந்தேன். “அடியே, இத்தாலிக்காரர்கள் உன்னிடம் தோற்கிறார்களா?” என்று அக்கா எட்டிப் பார்த்தாள், எடையையும் பார்த்துவிட்டாள். அவள் திட்டவில்லை, சிரித்தாள். எனக்குத்தான் முகம் சிவந்தது.

திரையில் நான் மிகவும் நேசிப்பதும் வெறுப்பதும் வாட் என்னும் அந்த எண்ணையே. பத்து நிமிடம் முழு மூச்சாக மிதித்து நான் தந்த சராசரி 70 வாட். பழைய வகை மின்விசிறி ஒன்று சுழல ஏறக்குறைய 75 வாட் வேண்டும். ஆக, என் தலைக்கு மேல் சுற்றும் விசிறியைக்கூட என்னால் ஓட்ட முடியாது! அன்று முதல் அறையைவிட்டு வெளியேறும்போது விசிறியை நிறுத்த மறப்பதில்லை.

அக்காவின் பயிற்சி வேறு விதம். முதலில் 20 நிமிடம் தன்னால் இயன்ற முழுத் திறனையும் காட்டினாள். சராசரி 168 வாட். அதில் நூற்றுக்கு 95 பங்கு, அதாவது ஏறக்குறைய 160 வாட், அவளுடைய அளவுகோல். பத்து நிமிடம் மெதுவாகத் தொடங்கி, பிறகு 144 வாட்டில் பத்துப் பத்து நிமிடமாக மூன்று முறை. இடையிடையே ஐந்து நிமிட இளைப்பாறல். இறுதியில் பத்து நிமிடம் தளர்வு. ஒரு மணி நேரம் முடிந்தது. சாலையில் இறக்கம் வரும், சமிக்ஞை விளக்கு வரும், மிதிக்காமலே வண்டி உருளும். இங்கே அந்தச் சலுகை கிடையாது. கருவியை ஒரே திறனில் நிலைநிறுத்திவிட்டால், நாம் சோர்ந்து மிதி வேகத்தைப் பாதியாக்கும்போது அது மிதியின் கனத்தை இருமடங்காக்கிவிடும். கனத்ததும் கால் இன்னும் தளரும். தளர்ந்ததும் மிதி இன்னும் கனக்கும். அந்தச் சுழலில் அகப்பட்டு அக்கா இரண்டு முறை அழுதிருக்கிறாள்.

மற்றொன்று வெப்பம். நாம் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே மிதியைச் சேர்கிறது. மீதி உடம்பில் வெப்பமாகிறது. சாலையில் எதிர்க்காற்று அதைக் கொண்டுபோய்விடும். கூடத்தில் காற்று ஏது? எனவே நேர் எதிரே ஒரு பெரிய விசிறி, கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர், ஹேண்டில்பார்மேல் ஒரு துண்டு ஆகியவை கட்டாயம். வியர்வையின் உப்பு இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும். அடியில் ரப்பர் விரிப்பும் போட்டோம். அது கீழ்வீட்டுத் தாத்தாவின் தூக்கத்துக்காக.

இது உண்மையான பயிற்சிதானா என்று அப்பா ஐயுற்றார். நான் ஒரு செய்தியைத் தேடி எடுத்து வாசித்துக் காட்டினேன். ஆஸ்திரேலிய வீரர் மேத்யூ ஹேமன் 2016 பிப்ரவரியில் பெல்ஜியத்தில் நடந்த பந்தயத்தில் விழுந்து கையெலும்பை முறித்துக்கொண்டார். சாலையில் ஓட்ட இயலாத அந்த நாட்களில், வீட்டிலேயே இத்தகைய கருவியில் மிதித்தார். ஏப்ரல் 10 அன்று, கருங்கல் பாவிய சாலைகளுக்குப் பெயர்பெற்ற பாரிஸ்–ரூபே பந்தயத்தில், முன்பு நான்கு முறை வென்றிருந்த டாம் போனனை இறுதிப் பாய்ச்சலில் முந்தி வென்றார். அப்போது அவருக்கு வயது 37. அப்பா தலையசைத்தார். சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது: “கை கூடினதும் மறுபடி ரோட்டுக்குப் போனானா? அந்தப் பிள்ளைக்கு அம்மா இல்லையா?”

2020 டிசம்பரில் நடந்த இணையவழி மிதிவண்டி உலகப் போட்டியைப் பற்றியும் சொன்னேன். வீராங்கனைகள் அவரவர் இருந்த இடத்திலேயே மிதித்த அப்போட்டியில், பெண்கள் பிரிவில் தென்னாப்பிரிக்காவின் ஆஷ்லி மூல்மன் பசியோ வாகை சூடினார். அம்மாவுக்கு இது மிகவும் பிடித்தது. “பார்த்தாயா, வீட்டிலிருந்தே உலகப் பட்டம்!” என்றார்கள். அக்கா ஒன்றும் சொல்லவில்லை.

கருவி கற்றுத்தராதவை சில உண்டு. வளைவில் சாய்வது, சட்டென்று பிரேக் பிடிப்பது, பின்னால் வரும் வண்டியின் ஓசையைக் கொண்டு தூரத்தை அறிவது, நாயைக் கண்டால் பதறாமல் விலகுவது. இவற்றுக்குச் சாலைதான் வேண்டும். கால் வலுத்துக்கொண்டே போக, இவை மறந்துகொண்டே போகும் என்று அக்கா அஞ்சினாள்.

சென்ற மாதம் ஓர் இரவு, அக்கா குளிக்கச் சென்றிருந்தபோது, அம்மா சேலையைச் சற்றுத் தூக்கிச் செருகிக்கொண்டு அந்த மிதிவண்டியில் ஏறினார்கள். சிறு வயதில் அம்மாவுக்கு யாரும் சைக்கிள் கற்றுத்தரவில்லை. இது விழாத சைக்கிளாயிற்றே! நான் 40 வாட்டில் வைத்துக்கொடுத்தேன். எட்டு நிமிடம் மிதித்தார்கள். மூச்சு வாங்க இறங்கி, முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி, “அவள் எவ்வளவு வைத்து மிதிக்கிறாள்?” என்று கேட்டார்கள். “நூற்று நாற்பத்து நான்கு அம்மா, முப்பது நிமிடம்” என்றேன். அம்மா சிறிது நேரம் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த ஞாயிறு காலை ஐந்தரை மணிக்கு அக்காவின் வண்டியில் பின்சக்கரம் மாட்டப்பட்டது. அப்பா ஸ்கூட்டரில் பின்தொடர வேண்டும், புறவழிச் சாலைக்குப் போகக் கூடாது, தலைக்கவசத்தின் பட்டையை அம்மாவே இறுக்குவார்கள் என்பவை நிபந்தனைகள். வாசலில் நின்ற நானும் அம்மாவும், தெருமுனையில் அந்தச் சிவப்பு விளக்கு திரும்பி மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தோம்.