மலைப்பாதையில் மார்கழிப் பயணம்
(பத்தாம் வகுப்பு மாணவியர்)

கரிசல் மண்ணில் வளர்ந்த நமக்கு மலை என்பது மேற்கே தெரியும் நீலக்கோடு. ஆலங்குளத்து வெயிலில் ஆண்டெல்லாம் காய்ந்த பின், அரையாண்டு விடுமுறை வந்ததும் குளிரைக் காணும் ஆசை யாருக்குத்தான் எழாது? எங்கள் வகுப்பிலும் எழுந்தது. "மூணாறு போகலாம், சிஸ்டர்" என்று கேட்டோம். "முதலில் பயணத்தைக் காகிதத்தில் நடத்திக் காட்டுங்கள். வண்டியைப் பற்றிப் பிறகு பேசலாம்" என்றார்கள். அந்தக் காகிதப் பயணமே இக்கட்டுரை.

வழியும் நேரமும்

ஸ்ரீவில்லிபுத்தூர், தே. கல்லுப்பட்டி, உசிலம்பட்டி வழியாகச் சென்று, ஆண்டிபட்டி கணவாயைக் கடந்தால் தேனி, அடுத்தது போடிநாயக்கனூர். அங்கிருந்து பதினேழு கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போடிமெட்டு. பின்னர் பூப்பாறை, தேவிகுளம் வழியாக மூணாறு.

உயரம் 1000 மீட்டர் கூடினால் வெப்பம் ஏறத்தாழ 6.5 டிகிரி குறையும். மூணாறு சுமார் 1500 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஆகவே நம் ஊரைவிட அங்கே ஒன்பது டிகிரி அளவு குளிர் கூடுதல். டிசம்பர், ஜனவரி இரவுகளில் அங்குள்ள சில தேயிலைத் தோட்டங்களில் உறைபனியும் படிவதுண்டு. இமயத்து ரோதாங் கணவாயைப் போலப் பனி நம் கணவாய்களை மூடுவதில்லை. இங்கே நமக்குப் பகைவர் மூவர்: மூடுபனி, வடகிழக்குப் பருவமழையால் நேரும் மண்சரிவு, மாலையிலேயே கவியும் இருட்டு. எனவே விடியுமுன் புறப்பட்டு, மலைப்பகுதியைப் பகல் வெளிச்சத்திலேயே கடந்துவிட வேண்டும் என்று எழுதினோம்.

ஏற்றமும் இறக்கமும்

ஏறுவதைவிட இறங்குவதே கடினம் என்பது நாங்கள் கற்ற முதல் பாடம். இறக்கத்தில் பிரேக்கை விடாமல் மிதித்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். கருகிய வாடை வந்தால் அதுவே எச்சரிக்கை. வண்டியை ஓரமாக நிறுத்தி ஆறவிட வேண்டும். இறங்கத் தொடங்கும்போதே இரண்டாவது கியருக்கு மாற்றிவிட்டால், எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். எரிபொருளை மிச்சப்படுத்துவதாக எண்ணி நியூட்ரலில் உருளவிடுவது உயிரோடு விளையாடுவதாகும்.

வேகம் இரு மடங்கானால், பிரேக் பிடித்தபின் வண்டி நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். இயற்பியல் வகுப்பில் படித்த இச்சூத்திரம் மலைவளைவில்தான் முழுப்பொருள் தருகிறது. குறுகிய மலைச்சாலையில் இறங்கும் வண்டியே ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது சாலை விதி.

வாடகை வண்டி என்றால் மஞ்சள் எண் பலகை உள்ளதா, கேரளம் செல்ல அனுமதிச் சீட்டு உள்ளதா, டயர் தேய்ந்துள்ளதா என்று பார்க்க வேண்டும். ஓட்டுநர் அண்ணன் முந்தின இரவு நன்றாக உறங்கினாரா என்று கேட்பது அவற்றினும் முக்கியம்.

அடைத்த வண்டியும் அடுப்பும்

படுக்கையும் அடுப்பும் உள்ள கேரவன் வண்டிகள் இப்போது நம் பக்கமும் வருகின்றன. கேரள அரசு 2021-இல் கேரவன் சுற்றுலாவுக்கெனத் தனிக் கொள்கையே அறிவித்தது. எங்களுக்கும் ஆசை பிறந்தது. ஆனால் இரண்டு செய்திகள் எங்களை நிறுத்தி யோசிக்க வைத்தன.

2023 ஆகஸ்டு 26 அதிகாலை, மதுரையில் நின்றிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில் தீப்பற்றி ஒன்பது பேர் மாண்டனர். விதியை மீறி எடுத்துவந்த சமையல் எரிவாயு சிலிண்டரே காரணம். 2024 டிசம்பரில் கேரளத்து வடகரையில், சாலையோரம் நின்ற கேரவனுக்குள் இருவர் இறந்து கிடந்தனர். ஜெனரேட்டரிலிருந்து கசிந்த கார்பன் மோனாக்சைடே அவர்கள் உயிரைப் பறித்தது என்று கோழிக்கோடு தேசியத் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வு காட்டியது.

அந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் வலுவாக இரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். முதலில் தோன்றுவன தலைவலி, மயக்கம், குமட்டல். மலைவளைவில் வரும் சாதாரணக் குமட்டல் என்றே எண்ணி நாம் ஏமாறக்கூடும். ஆகவே குளிர் எவ்வளவு இருந்தாலும், மூடிய வண்டியிலோ அறையிலோ கூடாரத்திலோ கரியடுப்பு மூட்டலாகாது. உறங்கும் வண்டியில் எஞ்சினும் ஜெனரேட்டரும் ஓடலாகாது. சிலிண்டரையும், புத்தாண்டுக்கென்று நம்மவர் ஆசையோடு எடுத்துச் செல்லும் பட்டாசுப் பெட்டியையும் வீட்டிலேயே வைத்துவிட வேண்டும். புளியோதரையும், பிளாஸ்க் நிறையச் சுக்குக் காப்பியும், ஆளுக்கொரு கம்பளியும் போதும் என்று பட்டியலைத் திருத்தினோம்.

திரும்பும் துணிவு

திட்டத்தை எங்கள் தோழி ஒருத்தியின் அப்பாவிடம் காட்டினோம். அவர் பட்டாசு ஆலையில் போர்மேன். படித்துவிட்டு, "எல்லாம் சரிம்மா. எப்போது திரும்புவீர்கள் என்று மட்டும் எழுதவில்லையே" என்றார். "ஞாயிறு மாலை" என்றோம்.

"அதைக் கேட்கவில்லை. மருந்து அறைக்குள் போகும்போதே வெளியே ஓடும் வழியைப் பார்த்துக்கொள்வோம். பிறகு யோசிக்க நேரம் இராது. போடியில் மழை கொட்டினால் என்ன செய்வீர்கள்?"

எங்களிடம் பதில் இல்லை. அன்று மாலையே கடைசிப் பத்தியை எழுதினோம்: போடியில் வண்டியை நிறுத்தி மேலே பாதை எப்படி என்று விசாரிப்பது, பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் ஆகிவிட்டாலோ, பலத்த மழை பெய்தாலோ, மண்சரிவுச் செய்தி வந்தாலோ மலை ஏறாமல் திரும்புவது, "இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே" என்று ஒருவரும் சொல்லாதிருப்பது.

இதைப் படித்த பிறகுதான் சிஸ்டர் கையெழுத்திட்டார்கள்.

தோழியரே, மலை எங்கும் போய்விடாது. அடுத்த மார்கழியிலும் அங்கேயே இருக்கும். நாமும் இருக்க வேண்டும். பாதி வழியில் திரும்பி வந்த பயணம் தோற்ற பயணமன்று. எல்லோரும் வீடு சேர்ந்த பயணமே வென்ற பயணம்.