கிராபிக்ஸ் கார்டு வாங்குறதுக்கு முன்னாடி

ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்கு இமேஜ் பிராசஸிங் எடுத்தவங்க ரெண்டாவது ரிவ்யூ நெருங்கும்போது சொல்ற வசனம் ஒண்ணு இருக்கு: "வீடியோ திக்கித் திக்கி ஓடுது மச்சி, ஜிபியு இருந்தா சரியாயிடும்." நாலு பேரும் காசு போட்டு கார்டு வாங்கலாமான்னு பேச்சு போகும். கொஞ்சம் பொறுங்க. உங்க கோடு ஒரு ஃபிரேமுக்கு எத்தனை கணக்கு போடுதுன்னு முதல்ல பேப்பர்ல எழுதிப் பாருங்க.

காஸியன் பிளரையே எடுத்துக்குவோம். படத்தில் இருக்கும் நாய்ஸைக் குறைக்க நாம முதல்ல போடுறது அதுதான். 1920×1080 கிரேஸ்கேல் ஃபிரேமில் 20,73,600 பிக்சல்கள். 15×15 கெர்னல் வைத்தால் ஒவ்வொரு பிக்சலுக்கும் 225 பெருக்கல். ஒரு ஃபிரேமுக்குச் சுமார் 46 கோடியே 66 லட்சம். வினாடிக்கு 30 ஃபிரேம் என்றால் கிட்டத்தட்ட 1,400 கோடி. லேப்டாப் பாவம், என்ன பண்ணும்?

ஆனா காஸியனுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. அதன் இருபரிமாண ஃபார்முலாவை கிடைமட்டத்துக்கு ஒன்று, செங்குத்துக்கு ஒன்று என இரண்டு பெருக்கல் துண்டுகளாகப் பிரிக்கலாம். முதலில் வரிசை வழியே 15 பெருக்கல். வந்த விடையின் மேல் நெடுவரிசை வழியே இன்னொரு 15. மொத்தம் 30தான். ரவுண்டிங்கில் வரும் சின்ன வித்தியாசம் தவிர விடை அதேதான். ஏழரை மடங்கு வேலை குறையுது (நல்ல ஏழரை!).

எல்லா ஃபில்டரையும் இப்படிப் பிரிக்க முடியாது. கெர்னலின் ஒவ்வொரு வரிசையும் ஒரே வரிசையின் மடங்காக இருக்கணும். முதல் வருஷத்துல மேட்ரிக்ஸின் ரேங்க் 1னு படிச்சோமே, அதேதான். எதுக்குப் படிக்கிறோம்னு அப்போ யாரும் சொல்லல. சோபெல் பிரியும். மீடியன் பிரியாது.

அடுத்தது மெமரி. இங்கதான் பலரும் கோட்டை விடுறாங்க. சி மொழியில் படம் வரிசை வரிசையாகத்தான் மெமரியில் இருக்கும். பிராசஸர் ஒரு பைட் கேட்டாலும் கேஷுக்குள் பொதுவாக 64 பைட்டாகத்தான் வரும். வரிசை வழியே போனால் அந்த 64 பிக்சலும் பயன்படும். ஒரு நெடுவரிசையை மேலிருந்து கீழே முழுசா முடிச்சிட்டு அடுத்ததுக்குப் போனால், 1080 பிக்சலுக்கு 1080 தடவை 64 பைட் வரணும். அது 69,120 பைட். பல பிராசஸர்களில் எல்1 டேட்டா கேஷ் 32 கிலோபைட்தான். பக்கத்து நெடுவரிசைக்கு நீங்க வர்றதுக்குள்ள பழசு வெளியே போயிருக்கும். செங்குத்து பிளரிலும் வெளி லூப்பில் வரிசை, உள் லூப்பில் நெடுவரிசை என்று வையுங்க. அப்போ ஒரு நேரத்தில் தேவை 15 வரிசை மட்டும், அதாவது 28,800 பைட். கணக்கு ஒண்ணுகூட மாறல, லூப்போட வரிசை மட்டும்தான் மாறுது.

பாக்ஸ் பிளர் போதும்னா இன்னும் மலிவு. டெக்ஸ்சர் மேப்பிங்குக்காக ஃபிராங்க்ளின் குரோ 1984-இல் எழுதிய சம்ட் ஏரியா டேபிள் முறையைப் பாருங்க. ஒவ்வொரு கட்டத்திலும், அதற்கு மேலேயும் இடப்புறமும் உள்ள எல்லா பிக்சலின் கூட்டுத்தொகையை ஒருமுறை போட்டு வைத்துவிட வேண்டும். பிறகு எந்தச் செவ்வகத்தின் கூட்டுத்தொகையும் நாலு மூலைகளைப் படித்தாலே கிடைக்கும். 15×15 ஆனாலும் 101×101 ஆனாலும் அதே நாலு. 2001-இல் வயோலாவும் ஜோன்ஸும் முகம் கண்டுபிடிக்கப் பயன்படுத்தியது இதைத்தான். ஒரு எச்சரிக்கை: டேபிளுக்கு 32 பிட் வேணும். 16 பிட் என்றால் 257 வெள்ளை பிக்சலிலேயே நிரம்பிடும். பாக்ஸ் பிளரை மூணு தடவை ஓட்டினால் காஸியனுக்கு ரொம்பப் பக்கத்தில் வந்துடும் என்பது போனஸ்.

ஓப்பன்சிவியின் காஸியன் பிளர் உள்ளுக்குள்ளேயே இப்படிப் பிரிச்சுத்தான் போடுது. நீங்களே உருவாக்கின கெர்னலுக்கு செப்ஃபில்டர்2டி இருக்கு. நியூரல் நெட்வொர்க் டிரெயின் பண்ணப் போறீங்கன்னா ஜிபியு கேளுங்க, நியாயம். வெறும் பிளருக்குன்னா, இன்னைக்கு ராத்திரி அந்த ரெண்டு லூப்பை மாத்தி, முன்னாடி எத்தனை மில்லிசெகண்ட், பின்னாடி எத்தனைன்னு அளந்து பாருங்க. ரிவ்யூ ஸ்லைடில் போட அந்த ரெண்டு எண்ணும் உதவும்.