இளங்குதிரைக்கு முதல் சேணம்: எப்போது, யார், எப்படி?

அந்தியூர் குருநாத சுவாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் குதிரை வாங்க வருகிறவர்கள் முதலில் பார்ப்பது உயரம், நிறம், சுழி. முதுகில் ஆள் ஏறிப் பழகியதா என்ற கேள்வி பெரும்பாலும் முன்பணம் கொடுத்த பிறகுதான் எழுகிறது. மார்வாரியோ, கத்தியவாரியோ, நாட்டுக் குதிரையோ, யாரும் ஏறியிராத ஓர் இளங்குதிரை உங்கள் தோட்டத்துக்கு வந்துவிட்டதென்றால், அடுத்த ஒரு வருடத்தில் நீங்கள் எடுக்கும் சில முடிவுகள் அது இருபது வயது வரை எப்படிப்பட்ட குதிரையாக வாழும் என்பதைத் தீர்மானித்துவிடும்.

முதல் முடிவு வயதைப் பற்றியது. பந்தயக் குதிரைகள் இரண்டு வயதிலேயே ஓடுகின்றன. வியன்னாவின் ஸ்பானிஷ் குதிரையேற்றப் பள்ளியிலோ லிப்பிசானர் ஆண் குதிரைகளுக்கு ஏறக்குறைய நான்கு வயதில்தான் பயிற்சியே தொடங்குகிறது. ஓர் இளங்குதிரையை முழுத் தேர்ச்சிக்குக் கொண்டுவர அங்கே ஆறு வருடம் வரை செலவிடுகிறார்கள். பந்தயத்தில் பரிசுப் பணத்துக்கான கணக்கு வேறு. ஏறிப் போவதற்காக வளர்ப்பவர் வியன்னாவின் வழியைத்தான் பார்க்க வேண்டும். குதிரையின் கால் எலும்புகளின் வளர்ச்சித் தட்டுகள் முன்னதாகவே மூடிவிடும். முதுகெலும்பில் உள்ளவை கடைசியாக, ஐந்து ஆறு வயதில்தான் மூடும். நாம் உட்காருவது அந்த முதுகில்.

விற்பவர் சொல்லும் வயதை அப்படியே நம்ப வேண்டாம், பல்லைப் பாருங்கள். நடு முன்பற்கள் இரண்டரை வயதிலும், அவற்றின் பக்கத்துப் பற்கள் மூன்றரையிலும், ஓரப் பற்கள் நாலரையிலும் நிரந்தரப் பற்களாக மாறும். ஓரத்தில் இன்னும் பால்பல் இருந்தால், ‘அஞ்சு வயசு’ என்று யார் சொன்னாலும் அது ஐந்து இல்லை. பல் மாறும் இந்தக் காலத்தில் வாய் நோகும் என்பதையும் நினைவில் வையுங்கள். கடைவாய்ப் பல்லுக்கு முன்னால் முளைக்கும் சின்ன ஓநாய்ப்பல் கடிவாள இரும்பில் இடிபட்டாலும் குதிரை தலையை உதறும். அதைத் திமிர் என்று நினைத்து அடிக்கிறார்கள். கால்நடை மருத்துவர் வாயைப் பார்க்காமல் கடிவாளம் போடத் தொடங்காதீர்கள்.

ஆகவே மூன்று வயது முழுவதும் தரைப் பாடம், அதாவது முதுகில் ஏறாமல் சொல்லித்தருவது. அதன் கடைசியில் இலகுவான ஒருவர் சில நிமிடம் உட்கார்ந்து இறங்கலாம். உண்மையான ஏற்றம் நான்கில். எடையிலும் கறாராக இருங்கள். ஏறுபவரும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது பரவலான அளவுகோல். 350 கிலோ குதிரைக்கு அது 70 கிலோ. வளர்ந்து முதிர்ந்த குதிரைக்கே இது மேல் எல்லை, இளசுக்கு இதைவிடக் குறைவாகத்தான் வைக்க வேண்டும்.

அடுத்தது, யார் பழக்குவது? மூன்று வழிகள் உண்டு: நீங்களே செய்வது, பயிற்சியாளரின் லாயத்தில் விடுவது, இரண்டையும் பங்கிட்டுக்கொள்வது. ஏறக்குறைய 2,400 ஆண்டுகளுக்கு முன் கிரேக்கப் படைத்தலைவர் செனஃபோன் குதிரையேற்றம் பற்றி எழுதிய நூலிலேயே இதற்கு விடை இருக்கிறது. குட்டியை மனிதரிடம் அன்பாகவும் அடக்கமாகவும் இருக்கும்படி வளர்த்துக் கொடுப்பது வீட்டின் வேலை என்கிறார். பிறகு பயிற்சியாளரிடம் அனுப்பலாம், ஆனால் திரும்பி வரும்போது குதிரைக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதை எழுதி ஒப்பந்தம் செய்துகொள் என்கிறார். குதிரை வைத்திருப்பவர்களுக்கு இன்றும் இதைவிட நல்ல யோசனை எனக்குத் தெரியாது.

ஏனென்றால் நீங்களே முழுதாகப் பழக்கலாம் என்பது, பழக்கப்படாத குதிரை பலவற்றில் ஏறி இறங்கியவர்களுக்கு மட்டுமே பொருந்தும். ஏறுபவருக்கும் அனுபவமில்லை, குதிரைக்கும் இல்லை என்றால் இருவரும் ஒருவரையொருவர் பயமுறுத்திக்கொள்வார்கள். முழுதாக விட்டுவிடுவதும் சரியல்ல. மூன்று மாதம் கழித்து வரும் குதிரை அந்தப் பயிற்சியாளரின் கைக்குத்தான் பழகியிருக்கும், உங்கள் கைக்கு அல்ல. என் பரிந்துரை பங்கிட்டுக்கொள்வதுதான். தலைக்கயிற்றுக்கு அடங்கி நடப்பது, நாலு காலையும் லாடக்காரருக்குத் தூக்கிக் கொடுப்பது, டிராக்டர் சத்தத்துக்கும் காற்றில் அடிக்கும் தார்ப்பாய்க்கும் நின்று பழகுவது எல்லாம் உங்கள் கையில். முதல் ஏற்றமும் அதையடுத்த இரண்டு மூன்று மாதமும் பயிற்சியாளர் கையில், வாரம் ஒருமுறையாவது நீங்கள் பக்கத்தில் நிற்க.

பயிற்சியாளரைத் தேர்ந்தெடுக்கும்போது அவர் பேச்சைவிட, அவர் ஏற்கெனவே பழக்கிய குதிரைகளின் வாயோரத்தைப் பாருங்கள். தழும்பு இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். அவர் உள்ளே நுழையும்போது அந்தக் குதிரைகள் மூலைக்கு ஒதுங்குகின்றனவா, அவரிடம் முகத்தை நீட்டுகின்றனவா என்று கவனியுங்கள். ஒரே மாதத்தில் ஆட வைத்துத் தருகிறேன் என்பவரிடம் கொடுக்கவே கொடுக்காதீர்கள். திருவிழாவுக்கு ஆடும் குதிரையும் தோட்டத்தைச் சுற்றி அமைதியாக நடக்கும் குதிரையும் ஒரே பயிற்சியில் உருவாவதில்லை. முன்னதற்கு இழுத்துப் பிடித்த லகானும் துள்ளலும் வேண்டும். பின்னதற்குத் தளர்ந்த முதுகு வேண்டும்.

எந்த முறை என்ற கேள்விக்குக் குதிரைக்காரர்கள் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். நீண்ட கயிற்றில் வட்டமாக ஓடவிடும் லஞ்சிங், இந்தியாவின் ராணுவ, காவல்துறை லாயங்களில் நெடுங்காலமாக இருக்கும் வழக்கம். குரலுக்குக் கட்டுப்படவும், சேணத்தோடு ஓடிப் பழகவும் நல்லது. ஆனால் வட்டம் சின்னதாக ஆக ஆக இளங்காலில் பாரம் கூடும். இருபது மீட்டர் விட்டத்துக்குக் குறையாமல், பதினைந்து இருபது நிமிடத்துக்கு மேல் போகாமல் நிறுத்துங்கள். அமெரிக்காவின் மான்டி ராபர்ட்ஸ் போன்றோர் பிரபலமாக்கிய வட்டவேலி முறையில் கயிறே இல்லை. குதிரை தானாக வந்து மனிதரோடு சேரும் வரை காத்திருப்பது. கையில் பக்குவம் உள்ளவர் செய்தால் அழகு. பக்குவமில்லாதவர் செய்தால் அது வெறும் துரத்தல்தான், குதிரை கற்றுக்கொள்வதும் ஓடித் தப்புவதைத்தான்.

மூன்றாவது முறை நம் ஊரில் அதிகம் கவனிக்கப்படுவதில்லை. எனக்குப் பிடித்தது அதுதான். இரண்டு நீண்ட லகான்களைப் பிடித்துக்கொண்டு குதிரையின் பின்னால், உதைக்கு எட்டாத தூரத்தில் நடப்பது. வண்டி இல்லாமல் வண்டியோட்டுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதுகில் யாரும் இல்லாமலேயே திரும்ப, நிற்க, பின்வாங்கக் கற்றுக்கொள்கிறது. முன்னால் ஆள் இல்லாமல் தானாக ஊர்ப்பாதையில் நடக்கும் தைரியமும் வருகிறது. முதல் ஏற்றத்துக்கு முன் நாலு வாரம் இப்படி நடத்திய குதிரைக்கு முதுகில் ஆள் ஏறுவது ஒன்றுதான் புதிதாக இருக்கும். லஞ்சிங்கில் தொடங்கி இதில் முடிப்பது நல்ல வரிசை.

எந்த முறையானாலும் அடிப்படை ஒன்றுதான். கேட்டதைக் குதிரை செய்த அந்த நொடியில் கயிற்றைத் தளர்த்த வேண்டும். அது கற்றுக்கொள்வது இழுப்பில் அல்ல, இழுப்பு நிற்பதில். இரண்டு நொடி தாமதித்தால் பாடம் மாறிவிடும்.

முதல் ஏற்றத்தின் அன்று நேரே ஏறிக் காலைப் போடக் கூடாது. வயிற்றுப் பட்டியை ஒவ்வொரு துளையாக, இடையில் நாலடி நடத்தி இறுக்க வேண்டும். ஒருவர் தலைக்கயிற்றைத் தளர்வாகப் பிடித்திருக்க, ஏறுபவர் சேணத்தின் மேல் குறுக்காக வயிற்றை வைத்துப் படுத்து உடனே இறங்குகிறார். திரும்பவும் அதே. குதிரையின் காதைப் பாருங்கள்: ஒரு காது பின்னால் திரும்பி அவரைக் கேட்டுக்கொண்டிருந்தால் நல்லது. மூச்சை அடக்கி, முதுகை வில்லாக உயர்த்தி, வாலை ஒட்டிக்கொண்டால் அன்றைக்கு அதோடு போதும். தலையைத் தாழ்த்தி நீளமாக மூச்சு விட்ட பிறகுதான் காலை அந்தப் பக்கம் போட வேண்டும். இடப்பக்கம் செய்ததை எல்லாம் வலப்பக்கமும் செய்யுங்கள்.

கடிவாளத்தில் தேர்வு என்று ஒன்றுமே இல்லை. வழவழப்பான, வாயின் அளவுக்குப் பொருந்தும் சாதாரண ஸ்னாஃபிள் போதும். சந்தையில் கிடைக்கும் முள் கடிவாளத்தை 1965-ஆம் ஆண்டின் இழுவை, பொதி விலங்குகள் வதைத்தடுப்பு விதிகளே தடை செய்திருக்கின்றன. நாக்கைக் கிழித்து நிறுத்திய குதிரை, வலி தாளாத ஒரு நாளில் நிற்காது. தீனியிலும் கை அடக்கம் வேண்டும்: வேலை குறைவான இளசுக்குக் கொள்ளையும் ஓட்ஸையும் அள்ளிப்போட்டுவிட்டு அடங்கவில்லை என்று குறைப்பட்டுப் பயனில்லை.

இன்னும் வாங்கவில்லை, யோசனையில்தான் இருக்கிறீர்கள் என்றால் இளங்குதிரை வேண்டாம் என்றே சொல்வேன். பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற தரோபிரெட் மலிவாகக் கிடைக்கலாம். அது ஆள் ஏறிப் பழகியதுதான், ஆனால் லகானை இறுக்கினால் வேகமெடுக்கப் பழகியது. ஏறும்போது அசையாமல் நிற்கக்கூடத் தெரியாததாக இருக்கலாம். வயிற்றுப்புண்ணும் அந்தக் குதிரைகளிடம் சகஜம். அப்படிப்பட்ட குதிரைக்கும் மறுபயிற்சி வேண்டும். முதல் குதிரை என்றால் எட்டு வயதுக்கு மேற்பட்ட, காயடித்த, பல பேர் ஏறிய குதிரையைத் தேடுங்கள். சந்தைக்குக் குதிரை தெரிந்த ஒருவரை அழைத்துப் போங்கள். விற்பவரையே முதலில் சேணம் போட்டு ஏறி, நடத்தி, நிறுத்திக் காட்டச் சொல்லுங்கள். அவர் ஏறத் தயங்கினால் விலை எவ்வளவு குறைந்தாலும் வாங்காதீர்கள்.