தோளுக்கு மேல் வளர்ந்த பிள்ளை

நம் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றிப் பேசுவோம். சின்னப் பிள்ளைகள் அல்ல. மீசை அரும்புகிற பையன்கள். தாவணி வயதுப் பெண்கள். இன்று யார் தாவணி கட்டுகிறார்கள் என்று கேட்காதீர்கள். வயதைத்தான் சொல்கிறேன். 10 முதல் 19 வயது வரை உள்ள காலத்தை வளர் இளம் பருவம் என்கிறார்கள்.

சௌல்தாரியில் மாலை வகுப்புக்கு வரும் அக்காமார்கள் எழுத்துக்கு நடுவே பேசுவது பெரும்பாலும் இதைத்தான்.

"நேற்று வரைக்கும் முந்தானையைப் பிடித்துக்கொண்டு திரிந்தான். இப்போது கூப்பிட்டால் பதில் இல்லை."

"கண்ணாடி முன்னால் நின்றால் நகர மாட்டேன் என்கிறாள்."

"எதைச் சொன்னாலும் கோபம். யாரோ மந்திரித்து விட்டார்கள் போல."

மந்திரம் ஒன்றும் இல்லை, அக்கா. உடம்பு மாறுகிறது. மூளையும் மாறுகிறது.

பெண் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் 8 முதல் 13 வயதுக்குள் உடல் மாற்றம் தொடங்குகிறது. மார்பு வளர்கிறது. அதன்பின் இரண்டு மூன்று ஆண்டுகளில் மாதவிலக்கு வருகிறது. ஆண் பிள்ளைகளுக்கு 9 முதல் 14 வயதுக்குள் தொடங்குகிறது. குரல் உடைகிறது. முகத்தில் பரு வருகிறது. சட்டை ஒரே வருடத்தில் சின்னதாகி விடுகிறது.

மகள் பெரியவள் ஆனதும் ஊரைக் கூட்டிச் சடங்கு செய்கிறோம். மஞ்சள் நீராட்டுகிறோம். அது உங்கள் விருப்பம். ஆனால் அந்த நாள் வருவதற்கு முன்பே அவளிடம் யாராவது சொன்னோமா? சொல்லாவிட்டால், இரத்தத்தைப் பார்த்ததும் ஏதோ நோய் வந்துவிட்டது என்று பயந்து போவாள். கழிப்பறையில் தனியாக அழுவாள். பத்து வயதிலேயே அம்மா சொல்லி வைக்க வேண்டும். துணியோ நாப்கினோ எப்படி வைப்பது, எத்தனை மணிக்கு ஒரு முறை மாற்றுவது என்று காட்ட வேண்டும். துணி என்றால் சோப்புப் போட்டுத் துவைத்து வெயிலில் காய வைக்க வேண்டும். நம் தீவில் மழை மாதங்கள் அதிகம். கட்டிலுக்கு அடியில் ஒளித்துக் காய வைத்த ஈரத்துணியால் புண்ணும் அரிப்பும் வரும்.

பையன்களின் நிலைமை இதைவிட மோசம் என்பேன். அவர்களுக்கு யாரும் எதுவும் சொல்வதில்லை. இரவு தூக்கத்தில் விந்து வெளியேறுவது இயல்பு. நோய் அல்ல. பலம் போகாது. இதை அப்பா சொல்லாததால்தான் லேகியம் விற்பவன் சொல்கிறான். பணமும் போகிறது, பயமும் வளர்கிறது. அப்பாவுக்குக் கூச்சமாக இருந்தால் மாமாவோ அண்ணனோ சொல்லலாம். யாராவது சொல்ல வேண்டும்.

இனி மூளை. ஆசை, கோபம், பயம் இவற்றைக் கிளப்பும் பகுதி இந்த வயதில் வேகமாக வேலை செய்கிறது. நிதானமாக யோசித்து "வேண்டாம், நில்" என்று சொல்லும் முன்பகுதி முழுதாக வளர ஏறக்குறைய 25 வயது ஆகிறது. வண்டியில் ஆக்ஸிலேட்டர் புதிது, பிரேக் இன்னும் பொருத்தி முடியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். நண்பர்கள் பக்கத்தில் இருந்தால் வேகம் இன்னும் கூடும்.

வண்டி என்றதும் ஒன்று நினைவு வருகிறது. 18 வயது ஆகாத மகன் கையில் மோட்டார் சைக்கிள் சாவியைக் கொடுக்காதீர்கள். 2019இல் திருத்திய சட்டப்படி, விபத்தோ வேறு குற்றமோ நடந்தால் பெற்றவர்களுக்கும் வண்டி உரிமையாளருக்கும் 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு.

தூக்கத்தைப் பற்றியும் வீட்டில் சண்டை வருகிறது. இந்த வயதில் தூக்கத்தைத் தரும் சுரப்பு இரவில் தாமதமாகத்தான் சுரக்கிறது. ஆனால் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. நம் அந்தமானிலோ தில்லியில் ஓடும் அதே கடிகாரம்தான். இங்கே ஐந்து, ஐந்தரைக்கெல்லாம் நன்றாக விடிந்து விடுகிறது. "இன்னும் தூங்குகிறாயா சோம்பேறி" என்று போர்வையை இழுக்கிறோம். அவன் சோம்பேறி அல்ல. இரவில் செல்போனை வாங்கி அலமாரியில் வையுங்கள். உங்கள் போனையும் பக்கத்தில் வையுங்கள். அப்போதுதான் பேச்சு எடுபடும்.

நம் தீவில் மட்டும் இன்னொரு சிக்கல் உண்டு. நாம் வீட்டில் தமிழ் பேசுகிறோம். பிள்ளைகள் பலர் பள்ளியிலும் கடையிலும் விளையாட்டிலும் இந்தி பேசுகிறார்கள். பாடப் புத்தகம் இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருக்கிறது. "உங்களுக்கு ஒன்றும் தெரியாது" என்று பிள்ளை சொல்லிவிட்டால் நாம் வாயை மூடிக்கொள்கிறோம். பாக்குத் தோட்டத்தில் நாள் முழுதும் உழைத்து வந்த மனிதருக்கு அந்த ஒரு சொல் எவ்வளவு வலிக்கும்!

வகுப்புக்கு வரும் ஒரு அண்ணன் நல்ல வழி கண்டுபிடித்தார். மகனின் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, "இது என்ன எழுத்து? எனக்குச் சொல்லிக் கொடு" என்று கேட்டார். முதலில் மகன் சிரித்தான். பிறகு சொல்லிக் கொடுத்தான். நான்காம் நாள், யாரும் கேட்காமலே, கணக்கில் மார்க் குறைந்ததைச் சொன்னான். அண்ணன் திட்டவில்லை. "சரி, யாரிடம் கேட்டுப் படிக்கலாம்?" என்றார்.

மார்க் விஷயத்தில் கவனமாக இருங்கள். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வரும் நாளில் பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள்.

சாதாரணக் கோபம் வரும், போகும். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் சரியாகச் சாப்பிடாமல், தூங்காமல், யாரோடும் சேராமல் இருந்தால் அது வேறு. பிடித்த பொருளை எல்லாம் பிறருக்குக் கொடுத்தாலோ, "நான் இல்லாமல் போனால் நல்லது" என்று சொன்னாலோ விளையாட்டு என்று விட்டுவிடாதீர்கள். "சாக வேண்டும் என்று நினைப்பு வருகிறதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. பிள்ளைக்கு மனம் விட்டுப் பேச வழி கிடைக்கும். பூச்சி மருந்தை வீட்டில் பூட்டி வையுங்கள். உடனே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்னும் அரசு உதவி கிடைக்கிறது. 2022 முதல் நடக்கிறது. இரவு பகல் எந்நேரமும் பேசலாம். தமிழிலும் பேசலாம். பணம் இல்லை. பிள்ளையை யாராவது அடித்தாலோ, தவறாகத் தொட்டாலோ, படிக்கிற வயதில் கல்யாணம் பேசினாலோ 1098க்குப் பேசுங்கள். பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 வயதுக்கு முன் கல்யாணம் செய்வது சட்டப்படி குற்றம்.

இந்த இரண்டு எண்களையும் உங்கள் கையாலேயே பெரிதாக எழுதுங்கள். பிள்ளையின் கண்ணில் படும் இடத்தில் ஒட்டுங்கள்.

வகுப்பில் பேசுங்கள்: உங்கள் மகனோ மகளோ கடைசியாக உங்களிடம் தானாக வந்து சொன்ன விஷயம் என்ன? அப்போது நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள்? உங்களுக்கு 15 வயதில் யாரிடம் கேட்க முடியாமல் இருந்தது எது?