பழைய இராணுவ லோரி கிளம்ப மறுத்தால்: மின்பழுதை அளந்தறியும் முறை

நெடுநாள் உழைத்த இராணுவ லோரி ஒன்று காலையில் கிளம்ப மறுத்தால் வழக்கமாக நடப்பது என்ன? முதலில் பேட்டரியை மாற்றுகின்றனர். அதனால் பயனில்லையெனில் ஸ்டார்ட்டரைக் கழற்றுகின்றனர். அதன்பின் சுவிட்சின்மீது ஐயம் கொள்கின்றனர். இறுதியில், களிம்பேறிய கம்பி முனையொன்றே காரணம் எனத் தெரியவரும்பொழுது பணமும் நாளும் வீணாகியிருக்கும். உதிரிப்பாகங்கள் கிடைத்தற்கரிய இவ்வகை லோரிகளில், நல்ல பாகத்தைப் பழுதென்று ஒதுக்குவது பெரும் நட்டமாகும்.

இதனினும் கொடிய இழப்பும் உண்டு. லோரியின் அடியிலோ பக்கத்திலோ இருந்துகொண்டு, ஸ்பேனரால் ஸ்டார்ட்டரின் முனைகளை இணைத்துக் கிளப்ப முயல்வோர் உளர். வண்டி கியரில் இருந்தால் அக்கணமே நகர்ந்து ஆளின்மேல் ஏறிவிடும். கியரில் இருக்கும்பொழுது கிளம்பாதவாறு தடுக்கும் அமைப்பு பழைய லோரிகள் பலவற்றில் இல்லை. ஆகவே, ஊகத்தையும் குறுக்குவழியையும் விடுத்து, அளந்து பார்த்துப் பழுதை அறியும் முறையை இக்கட்டுரையில் காண்போம்.

லோரியின் வகையை அறிதல்

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படை பெருமளவில் பயன்படுத்திய ஜி.எம்.சி. நிறுவனத்தின் இரண்டரை டன் லோரி 6 வோல்ட் மின்சாரத்தில் இயங்கியது. போருக்குப் பின் உபரியாக விற்கப்பட்ட இராணுவ லோரிகள் பல நாடுகளில் பொதுப்பணிக்கு வந்தன; மலாயாவின் காடுகளில் மரம் ஏற்றியவையும் அவற்றுள் உண்டு. 1950ஆம் ஆண்டில் வந்த எம்-35 லோரியோ 24 வோல்ட் அமைப்புடையது. அதில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடராக இணைக்கப்பட்டுள்ளன.

இவ்வேறுபாடு ஏன் முக்கியம்? ஒரு ஸ்டார்ட்டருக்கு 1,800 வாட் ஆற்றல் தேவை எனக் கொள்வோம். 6 வோல்ட்டில் அதற்கு 300 ஆம்பியர் மின்னோட்டம் வேண்டும். 24 வோல்ட்டில் 75 ஆம்பியர் போதும். இணைப்பு ஒன்றில் களிம்பு சேர்ந்து 0.005 ஓம் அளவே மின்தடை ஏற்பட்டதாக வைத்துக்கொள்வோம். 300 ஆம்பியர் ஓடும்பொழுது அங்கே 1.5 வோல்ட் வீணாகும். அஃது 6 வோல்ட்டில் நான்கில் ஒரு பங்கு. 75 ஆம்பியர் ஓடும்பொழுதோ வீணாவது 0.4 வோல்ட்டிற்கும் குறைவே. எனவே 6 வோல்ட் லோரியில் கண்ணுக்குப் புலப்படாத அழுக்கும் இயந்திரத்தை நிறுத்திவிடும். அதற்கு 12 வோல்ட் காரின் மெல்லிய கம்பியைப் போடுவதும் இதே கேட்டை விளைவிக்கும்.

ஒலியைக் கேட்டுப் பிரித்தறிதல்

மீட்டரைக் கையில் எடுப்பதற்கு முன் காதைப் பயன்படுத்த வேண்டும். முன்விளக்குகளை எரியவிட்டு, ஸ்டார்ட்டர் பொத்தானை ஒருவர் அழுத்த, மற்றொருவர் கவனிக்கலாம்.

1. ஒலியே இல்லை, விளக்கும் மங்கவில்லை: பொத்தான், அதிலிருந்து செல்லும் சிறு கம்பி, ரிலே அல்லது சோலனாய்டு ஆகியவற்றில் பழுது இருக்கலாம். பழைய ஜி.எம்.சி. லோரியில் காலால் மிதிக்கும் ஸ்டார்ட்டர் சுவிட்சை முதலில் நோக்க வேண்டும்.

2. 'டிக்' என்று ஒருமுறை ஒலித்து நின்றுவிடுகிறது: சோலனாய்டு வேலை செய்கிறது, ஆனால் மோட்டாருக்குப் போதிய மின்னோட்டம் செல்லவில்லை, அல்லது மோட்டாரே இறுகியுள்ளது.

3. 'டக டக' என விடாமல் ஒலிக்கிறது: மின்னழுத்தம் விழுந்து எழுகிறது. பேட்டரி தளர்ந்திருக்கலாம், பெரிய இணைப்பொன்றும் பழுதாகியிருக்கலாம்.

4. மோட்டார் சுழல்கிறது, இயந்திரம் சுழலவில்லை: இது மின்பழுதன்று. ஸ்டார்ட்டரின் சிறு பற்சக்கரம் பெரிய சக்கரத்தைப் பற்றவில்லை.

5. இயந்திரம் நல்ல வேகத்தில் சுழன்றும் கிளம்பவில்லை: ஸ்டார்ட்டர் வழியில் குறையில்லை. பெட்ரோல் இயந்திரமாயின் தீப்பொறியையும் எரிபொருளையும், டீசலாயின் எரிபொருளையும் ஆராய வேண்டும்.

பேட்டரியைச் சோதித்தல்

சில மணி நேரம் ஓய்வில் இருந்த நல்ல 12 வோல்ட் பேட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். 12.2 வோல்ட் எனில் பாதி மின்னேற்றமே உள்ளது. 6 வோல்ட் பேட்டரி 6.3 வோல்ட் காட்ட வேண்டும். எம்-35 போன்ற லோரியில் இரு பேட்டரிகளையும் தனித்தனியே அளப்பது இன்றியமையாதது. ஒன்று 12.7, மற்றொன்று 11.6 என்றிருந்தாலும் கூட்டுத்தொகை 24.3 எனத் தோன்றி நம்மை ஏமாற்றும்.

இவ்வாறு ஒன்று மட்டும் தளர்வதற்கு ஒரு பொதுக் காரணம் உண்டு. வானொலிக்கோ கூடுதல் விளக்கிற்கோ 12 வோல்ட் வேண்டுமென, இரு பேட்டரிகளுள் ஒன்றிலிருந்து மட்டும் சிலர் கம்பி எடுக்கின்றனர். அந்தப் பேட்டரி நாள்தோறும் குறைந்துகொண்டே போகும். மற்றதோ அளவுக்கு மேல் மின்னேற்றம் பெற்று நீர் வற்றும். ஈராண்டு உழைக்க வேண்டிய இரண்டும் சில மாதங்களிலேயே கெடலாம்.

இனி, பொத்தானை அழுத்திய நிலையில் மீண்டும் அளக்க வேண்டும். இப்பொழுது 12 வோல்ட் பேட்டரி 9.6 வோல்ட்டிற்கும், 6 வோல்ட் பேட்டரி 4.8 வோல்ட்டிற்கும் கீழே விழுதல் ஆகாது.

இங்கேதான் இப்பாடத்தின் உயிர்நிலை உள்ளது. பொத்தானை அழுத்தியதும் பேட்டரியின் மின்னழுத்தம் மிகவும் விழுந்தால், பேட்டரி தளர்ந்துள்ளது அல்லது மோட்டார் இறுகி மிகுதியான மின்னோட்டத்தை இழுக்கிறது. மின்னழுத்தம் சிறிதே குறைந்து, மோட்டாரும் சுழலாவிட்டால், மின்னோட்டம் வழியில் எங்கோ தடைப்படுகிறது. அந்நிலையில் புதுப் பேட்டரி வாங்குவது வீண்செலவு.

வழியை அளத்தல்

இயந்திரம் கிளம்பாதவாறு முதலில் செய்துகொள்ள வேண்டும். டீசலாயின் நிறுத்தும் பிடியை இழுத்து வைக்க வேண்டும். பெட்ரோலாயின் காயிலுக்குச் செல்லும் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். பிறகு ஒருவர் பொத்தானை அழுத்த, மற்றவர் மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நேர்முனைத் தண்டிலும், மறுமுனையை ஸ்டார்ட்டரின் பெருமுனையிலும் வைத்து அளக்கலாம். அடுத்து, எதிர்முனைத் தண்டிற்கும் ஸ்டார்ட்டரின் உடலுக்கும் இடையே அளக்க வேண்டும். மீட்டர் முனையைத் தண்டின்மீதே வைக்க வேண்டும். கவ்வியின்மீது வைத்தால் தண்டிற்கும் கவ்விக்கும் இடையிலுள்ள பழுது புலப்படாது. 12 வோல்ட் லோரியில் எந்தப் பக்கத்திலும் 0.5 வோல்ட்டிற்கு மேல் காட்டினால் அப்பக்கம் ஐயத்திற்குரியது. 6 வோல்ட்டில் இதன் பாதியே எல்லை.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். 24 வோல்ட் லோரியொன்று 'டிக்' என ஒலித்து நின்றுவிடுகிறது. பொத்தானை அழுத்தும்பொழுது இரு பேட்டரிகளும் சேர்ந்து 24.8 வோல்ட் காட்டுகின்றன. நேர்முனைப் பக்க இழப்பு 0.3 வோல்ட். எதிர்முனைப் பக்க இழப்போ 20.5 வோல்ட். ஆக, மோட்டாருக்குக் கிடைப்பது 4 வோல்ட் மட்டுமே. பேட்டரியும் நேர்முனைக் கம்பியும் குற்றமற்றவை. லோரியின் சட்டகத்தையும் இயந்திரத்தையும் இணைக்கும் எர்த் பட்டையை அவிழ்த்து, பெயிண்ட்டையும் துருவையும் உலோகம் மின்னுமளவும் சுரண்டி, இறுக்கிப் பூட்டிய பின் மீண்டும் அளந்து உறுதி செய்ய வேண்டும்.

இரு பேட்டரிகளையும் இணைக்கும் குறுங்கம்பியையும் மறத்தலாகாது. எம்-35 லோரியின் கம்பிகளில் எண் பொறித்த தகடுகள் உண்டு. அவ்வெண்களைக் கொண்டு வழியைத் தொடரலாம். அதன் ரப்பர் உறையிட்ட இணைப்பிகள் வெளியே தூய்மையாகத் தோன்றினாலும் உள்ளே களிம்பேறியிருக்கலாம். அவற்றைப் பிரித்துப் பார்ப்பதே முறை.

காப்பு விதிகள்

கியரை நடுநிலையில் வைத்து, கைப்பிரேக்கை இழுத்து, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்த பின்னரே வேலையைத் தொடங்க வேண்டும். மோதிரம், கைக்கடிகாரம் முதலியவற்றைக் கழற்றிவிட வேண்டும். மின்னேற்றம் பெறும் பேட்டரியிலிருந்து வெளியேறும் ஹைட்ரஜன் வாயு வெடிக்கும் தன்மையது. அருகில் சிகரெட்டும் நெருப்பும் கூடா.

எர்த் கம்பியை முதலில் கழற்றி, இறுதியில் பூட்ட வேண்டும். எந்த முனை எர்த் என்பதைப் பார்த்தறிய வேண்டும். பழைய பிரிட்டிஷ் லோரிகள் சிலவற்றில் நேர்முனையே எர்த்தாகும். 24 வோல்ட் லோரியிலிருந்து 12 வோல்ட் காருக்கு நேரே மின்சாரம் கொடுத்தலாகாது. பொத்தானைத் தொடர்ந்து பத்து விநாடிகளுக்கு மேல் அழுத்தாமல், மோட்டார் ஆறுவதற்கு ஓரிரு நிமிடம் விட வேண்டும்.

பயிற்சிக்கு

பட்டறையில் நன்றாகக் கிளம்பும் லோரி ஒன்றைத் தேர்ந்து, கீழ்க்காணும் நான்கையும் அளந்து எழுதுங்கள்: ஓய்வில் ஒவ்வொரு பேட்டரியின் வோல்ட், பொத்தானை அழுத்தும்பொழுது அதே அளவு, நேர்முனைப் பக்க இழப்பு, எதிர்முனைப் பக்க இழப்பு. அத்தாளில் தேதியையும் குறித்து, நீர்படா உறையிலிட்டு, பேட்டரிப் பெட்டியின் மூடியின் உட்புறம் ஒட்டிவையுங்கள். பின்னொருநாள் அந்த லோரி கிளம்ப மறுத்தால், பட்டறையில் அன்று யார் இருப்பினும், புதிய அளவுகளைப் பழையவற்றோடு ஒப்பிட்டு எப்பக்கம் மாறியுள்ளது எனக் கண்டு, அங்கிருந்தே வேலையைத் தொடங்கலாம்.