மென்பொருள் ரோபோக்களுக்குப் பாதுகாப்பு எப்போது?

கேள்வி: அலுவலக வேலைகளைத் தானே செய்யும் ரோபோ மென்பொருள்களை, சிறு சிறு சுற்றுகளாக வேலை செய்யும் அஜைல் முறையில் விரைவாக உருவாக்கும்போது, பாதுகாப்பை எந்தக் கட்டத்தில் சேர்க்க வேண்டும்?

பதில்: 2001-இல் வெளியான அஜைல் பிரகடனம் செயல்படும் மென்பொருளை அடிக்கடி வழங்குவதை வலியுறுத்துவதால், பாதுகாப்பைக் கடைசிச் சோதனையாக ஒதுக்கிவைக்காமல், ஸ்பிரிண்ட் எனப்படும் ஒவ்வொரு குறுகிய வேலைச்சுற்றின் தொடக்கத்திலேயே சேர்ப்பதுதான் பொருத்தம். இத்தகைய ரோபோ, ஊழியரைப் போலவே பயனர் கணக்கு கொண்டு நுழைந்து, கண்காணிப்பார் இன்றி இரவிலும் இயங்குவதால், அதன் கணக்கு பிறர் கைக்குப் போனால் சேதம் மிக விரைவாகப் பரவும்.

எடுத்துக்காட்டாக, மின்னஞ்சலில் வரும் பில்களைப் படித்துக் கணக்கில் பதியும் ரோபோவுக்கு, பதியும் உரிமை மட்டும் தரப்பட்டு, பணம் வழங்க ஒப்புதல் தரும் உரிமை மறுக்கப்பட வேண்டும். இதுவே குறைந்தபட்ச உரிமைக் கோட்பாடு. இத்தகைய ரோபோக்களை உருவாக்க உதவும் யுஐபாத் கருவியில் ரோபோவின் பணிப்பாய்வு உரைவடிவக் கோப்பாகச் சேமிக்கப்படக்கூடியது என்பதால், அதனுள் நேரடியாக எழுதப்படும் கடவுச்சொல்லைக் கோப்பைத் திறப்பவர் எவரும் படித்துவிட முடியும். ஆகவே கடவுச்சொல், மறையாக்கம் செய்த பெட்டகத்திலிருந்து இயங்கும் நேரத்தில் மட்டுமே பெறப்பட வேண்டும். பிழை நேரும்போது பதிவாகும் திரைப்பிடிப்புகளில் வாடிக்கையாளரின் வங்கி விவரங்கள் தங்கிவிடுவதையும் குழு கவனிக்க வேண்டும்.

இந்தச் சரிபார்ப்புகள், வேலை முடிந்ததாக ஏற்பதற்கான நிபந்தனைகளில் எழுதப்பட வேண்டும். அவை நிறைவேறாத ரோபோ எவ்வளவு நன்றாக இயங்கினாலும் முடிக்கப்படாத மென்பொருளே.