எந்த கோர்ஸ்? எக்ஸெலில் பார்க்கலாம்
"எந்த கோர்ஸில் சேரலாம்?" என்று பலரும் என்னிடம் கேட்கிறார்கள். பணம் கட்டும் முன் உங்கள் ஆர்வத்தைப் பாருங்கள். அமெரிக்க உளவியலாளர் ஜான் ஹாலண்ட், 1959ல் முன்வைத்த கோட்பாட்டில் இதை 6 வகையாகப் பிரித்தார்.

எக்ஸெலில் ஏ1 முதல் ஏ6 வரை இவற்றை டைப் செய்யுங்கள்: கருவிகளைக் கையாளுதல், ஆராய்தல், படைத்தல், பிறருக்கு உதவுதல், தலைமை ஏற்றல், ஒழுங்குபடுத்துதல். எதிரே பி வரிசையில் 10க்கு மதிப்பெண் இடுங்கள். பி1ல் கிளிக் செய்து, டேட்டா பகுதியில் உள்ள இசட்-ஏ பட்டனை அழுத்துங்கள். அதிக மதிப்பெண் மேலே வரும்.

வரிசைப்படி பொருந்தும் துறைகள்: ஹார்ட்வேர், புரோகிராமிங், வெப் டிசைன், கம்ப்யூட்டர் பயிற்சி, விற்பனை, டாலி கணக்கு. முதலில் வந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஆராய்தலும் உதவுதலும் என்றால் புரோகிராமிங் கற்றுத் தரலாம்.

இது ஆர்வத்தை மட்டுமே காட்டும். திறமை பயிற்சியில்தான் வரும்.